ஐந்து மணி விசில்

பல் வலி வந்தவன் பெற்ற தாய் சொன்னாலும் கேட்க மாட்டான். ஆனால் அந்தப் பல் டாக்டரின் கிளினிக்கில், கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்திருக்கும் முப்பது பேரும் ஒருத்தி பேச்சுக்கு அடங்கிக் கிடப்பார்கள். அவள்தான் டோக்கன் அக்கா. கதவோரம் ஒரு மேசை, மேசையில் நம்பர் போட்ட தகரத் துண்டுகள், முதுகுக்குப் பின்னால் ஒரு நோட்டீஸ் பலகை. அந்தப் பலகையில் குத்தியிருக்கிற காகிதம்தான் அவளுக்குச் சட்டம், சாத்திரம் எல்லாம்.

"பதினேழு, உள்ள போங்க. பதினெட்டு, வாயைக் கொப்புளிச்சிட்டு வந்து நில்லுங்க. பத்தொன்பது, முனகாதீங்க. முனகினா நம்பர் முன்னால வராது."

டாக்டரே ஒருநாள் பலகையில் 'செருப்பைக் கழற்றவும்' என்று குத்திவிட்டு, மறந்துபோய்ச் செருப்போடு உள்ளே வந்தார். வாசலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

இப்படி வெளியில் புலியாக இருப்பவள் வீட்டுக்கு வந்தால் என்ன ஆவாள்? அவள் பேச்சைக் கேட்க நாதியில்லை. வீட்டுக்காரர் சோபா தைப்பவர். தைத்து முடித்ததும் ஸ்பிரிங் சரியாக இருக்கிறதா என்று படுத்துப் பார்ப்பார். படுத்தபின் ஸ்பிரிங்கை மறந்துவிடுவார். அவள் தம்பி ஒருவன் அதே வீட்டில் வேலை தேடிக்கொண்டிருந்தான். வேலையும் அவனைத் தேடி வந்திருக்கும். காலை பத்து மணிக்கு முன்னால் வந்து, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். தெருவில் அவனுக்குப் 'பத்து மணி' என்றே பெயர். மூன்றாவது, பதினைந்து வயது மகள். பள்ளிக்கூடத்துக் கேடட் படையில் இருக்கிறாள் என்றுதான் பேர். போர்வைக்குள் இருந்தபடியே ஷூவுக்கு லேஸ் கட்டுகிற வித்தை அவளுக்குத் தெரியும்.

இந்த வீட்டுக்குத்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் கேடட் பத்து நாள் தங்க வந்தாள்.

விஷயம் இதுதான். அந்த நாட்டுக் கேடட் பிள்ளைகள் எட்டுப் பேர் இங்கே வந்து, எட்டு வீடுகளில் தங்கிப் பழகுவார்கள். பிறகு இங்கிருந்து ஆறு பெண் கேடட்கள் அங்கே போவார்கள். எட்டு வீட்டுப் பிள்ளைகளில் ஆறு பேர்! டிரில் மாஸ்டர் பெற்றோர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்:

"வந்த பிள்ளைங்க கிளம்புறப்ப, தங்கின வீட்டைப் பத்தி ஒரு தாள் எழுதிக் குடுப்பாங்க. யாரை அனுப்புறதுன்னு முடிவு பண்றப்ப அதையும் பார்ப்போம். அவ்வளவுதான் சொல்வேன்."

அவ்வளவு போதாதா? டோக்கன் அக்கா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். மகள் போயே ஆக வேண்டும். தலைகீழாக நின்றாவது அனுப்பியே தீர வேண்டும்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாத காரணம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், பதினாறு வயதில், அவளும் கேடட்தான். படைக்கு விசில் ஊதுகிறவள் அவள். இதே மாதிரி ஒரு வெளிநாட்டுப் பயணத்துக்கு அவளையும் தேர்ந்தெடுத்தார்கள். பாஸ்போர்ட் போட்டோ எடுத்தாயிற்று. பக்கத்து வீட்டில் பெட்டி இரவல் வாங்கியாயிற்று. மூன்று நாள் இருக்கும்போது அவளுடைய அப்பா, "வேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "வேண்டாம்னா வேண்டாம்" என்றார். அதற்கு மேல் அந்த மனிதரிடம் ஒரு சொல் பெயராது. வழியனுப்பவாவது போகலாம் என்று பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். உள்ளே பெயர் வாசித்தார்கள். பட்டியலைத் திருத்தாமல் விட்டிருந்தார்கள் போலிருக்கிறது, அவள் பெயரையும் வாசித்தார்கள். யாரோ ஒருத்தி, "வரலை சார்!" என்று கத்தினாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது. அந்த 'வரலை சார்' மட்டும் போகவில்லை. இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது காதில் கேட்கும்.

விசிலை மட்டும் அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. பீரோவில், துணிகளுக்கு அடியில் கிடந்தது.

விருந்தாளிப் பெண் வருவதற்கு முந்தின நாள் கேடட் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'தினசரி நிகழ்ச்சி நிரல். 5.00 விசில். 5.15 ஓட்டம். 6.00 படுக்கை ஆய்வு. 6.20 காலணி ஆய்வு. 9.00 விளக்கணைப்பு.' கீழே முத்திரை வேறு. மற்ற ஏழு வீட்டிலும் இந்தக் காகிதத்தை என்ன செய்தார்களோ, டோக்கன் அக்கா என்ன செய்வாள் என்று நான் சொல்ல வேண்டுமா? கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். வீட்டாரை வரிசையாக நிற்க வைத்து வாசித்துக் காட்டினாள்.

"அந்தப் பொண்ணு பட்டாளத்துப் பொண்ணு. அவ முன்னாடி நாம ஒழுங்கா இல்லைன்னா தாள்ல எழுதிடுவா. பத்து நாள். பத்தே நாள் மனுஷங்களா இருங்க."

"அஞ்சு மணின்னா சாயந்தரமா அக்கா?" என்று கேட்டான் தம்பி. அவள் பார்த்த பார்வையில் கேள்வியை விழுங்கிவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள். வயது பதினைந்து. முதுகு மூட்டை, பளபளக்கும் ஷூ, பூட்டிப் போட்டதுபோல் மூடிய வாய். டோக்கன் அக்கா உள்ளே வந்தபோதெல்லாம் எழுந்து விறைப்பாக நின்றாள். மகளுக்கும் அவளுக்கும் பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை ஆங்கிலம் பொது. மற்றபடி கை, கால், கண் ஜாடைதான்.

காலை ஐந்து மணிக்கு விசில் ஊதியது பாருங்கள்! வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து உருண்டார். தம்பி, திருடன் வந்துவிட்டான் என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான். ஓடினவனை அப்படியே ஓட்டத்தில் சேர்த்துவிட்டாள். முன்னால் விருந்தாளிப் பெண், பின்னால் மகள், அதற்குப் பின்னால் தம்பி, கடைசியில் லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரர். தெரு நாய் ஒன்று முதல் மூலை வரை துரத்தியது. அப்புறம் அதற்கே பாவமாகப் போய்விட்டது, கூடவே ஓடி வந்தது.

ஆறு மணிக்குப் படுக்கை ஆய்வு. போர்வை மடிப்பு ஒரு சாண் அகலம் இருக்க வேண்டும். சாண் போட்டு அளந்தாள். காலணி ஆய்வில் வீட்டுக்காரரின் செருப்பு மாட்டிக்கொண்டது. அறுந்த வாரைச் சோபா ஆணி அடித்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"சோபா ஆணி. பத்து வருஷம் தாங்கும்."

"அந்தப் பொண்ணு பார்க்குறா!"

அந்தப் பெண் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது, ஒரு சிரிப்பு கிடையாது. அதுதான் டோக்கன் அக்காவைப் படாத பாடு படுத்தியது. சுளித்தாலாவது எதில் குறை என்று தெரியும். கல்லுப் பிள்ளையாராக நிற்பவள் மனசுக்குள் என்ன எழுதுகிறாள் என்று யார் கண்டார்கள்? ஆகவே இரண்டாம் நாளிலிருந்து இன்னும் கெடுபிடி கூடியது. சாப்பாட்டுத் தட்டுகள் ஒரே கோட்டில். சாப்பிடும்போது பேச்சு கூடாது. ஒன்பது மணிக்கு விளக்கு அணையும். தம்பி இருட்டில் உட்கார்ந்து தன் விதியை நொந்துகொண்டான்.

"அத்தான், ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க. சோபாவுக்குப் பஞ்சு அடைக்கக்கூட வர்றேன். இந்த வீட்ல இருக்க முடியலை."

"கடையில ஒருத்தர் படுக்கக்கூட இடமில்லடா. இருந்தா நான் அங்கயே தங்கியிருக்க மாட்டேனா?"

எல்லாரையும் எழுப்புகிறவளை எழுப்புவது யார்? டோக்கன் அக்கா நாலரைக்கே எழுந்தாள். சமைத்தாள், ஊதினாள், ஓட்டினாள், அளந்தாள், ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை மைதானத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கிளினிக்குக்கு ஓடினாள். ஏழாம் நாள் மேசையிலேயே கண்ணைச் சுழற்றியது. இருபத்திரண்டாம் நம்பருக்குப் பிறகு பத்தொன்பதைக் கூப்பிட்டாள். அந்த மேசையில் அப்படி ஒரு தப்பு நடந்ததே கிடையாது.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கேடட்களுக்கு மைதானம் இல்லை, வீட்டாரோடு இருக்கிற நாள். ஆனால் சுவரில் மாட்டிய காகிதத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு விலக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை.

டோக்கன் அக்கா கண் விழித்தபோது வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதரை. எழுந்து கூடத்துக்கு ஓடினாள். தம்பி பாயில் வில்லாக வளைந்து கிடந்தான். உள்ளறையில் விருந்தாளிப் பெண் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள், ஒரு கால் மகளின் தோள்மேல். போர்வை தரையில். ஒற்றை ஷூ கதவருகே, இன்னொன்று எங்கேயோ.

"குடி முழுகிப் போச்சே!" என்று அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சும்மா அழுகை இல்லை. இருபத்தெட்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த அழுகை. வீட்டுக்காரர் எழுந்து வந்து திருதிருவென்று விழித்தார். மகள் தூக்கக் கண்ணோடு ஓடி வந்தாள்.

"ஏம்மா? யாருக்கு என்ன ஆச்சு?"

"உன்னை அனுப்ப மாட்டாங்கடி. எல்லாம் என்னாலதான். நான் தூங்கிட்டேன்."

"போகலைன்னா போகலை. இதுக்குப் போய் அழுவாங்களா?"

"உனக்கென்னடி தெரியும்!" என்று ஆரம்பித்தவள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். போட்டோ, இரவல் பெட்டி, கேட், 'வரலை சார்'. தம்பிகூடப் பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். அக்காவின் அந்தக் காலம் அவனுக்கும் புதிது. அவன் அப்போது கைக்குழந்தை.

சத்தம் கேட்டு விருந்தாளிப் பெண் வந்து நின்றாள். தலை பரட்டை. விறைப்பாக நிற்க முயன்றாள், கொட்டாவி வந்துவிட்டது. மகளிடம் ஏதோ கேட்டாள். மகள் ஏதோ சொன்னாள். பிறகு அந்தப் பெண் மளமளவென்று பேசினாள், எட்டு நாளும் சேர்த்து அவ்வளவு பேசியதில்லை. மகள் முதலில் முழித்தாள், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னடி சொல்றா?"

"அம்மா, அவங்க ஊர்ல அவங்க மாஸ்டர் சொல்லி அனுப்பியிருக்காராம், தங்கற வீட்ல எப்படி இருக்காங்களோ அப்படியே இருக்கணும், முகம் சுளிக்கக் கூடாதுன்னு. நம்ம நாட்ல எல்லா வீட்லயும் விசில் ஊதித்தான் எழுப்புவாங்கன்னு நினைச்சிட்டா. அவ வீட்ல ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்குத்தான் எழுந்திருப்பாளாம்!"

"அடக் கடவுளே" என்றார் வீட்டுக்காரர். "நம்ம ஜாதி!"

தம்பி எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் ஒன்றுமே செய்யவில்லை. பத்தரைக்கு முட்டை பொரித்துச் சாப்பிட்டார்கள், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு மூலையில். மத்தியானம் சீட்டாடினார்கள். டோக்கன் அக்கா இரண்டு பெண்களையும் முன்னால் உட்கார வைத்துத் தலை வாரிவிட்டாள். விருந்தாளிப் பெண் நடுவில் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். சிக்கு இழுத்தது வலித்ததோ என்று டோக்கன் அக்கா மெதுவாக வாரினாள். விசில் பீரோவுக்குத் திரும்பியது. மறுநாள் காலை ஐந்து மணிக்கு, யாரும் ஊதாமலே தம்பி எழுந்து உட்கார்ந்து, தன்னைத் தானே திட்டிக்கொண்டான்.

அந்தப் பெண் ஊருக்குக் கிளம்பி ஒரு வாரத்தில் டிரில் மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். டோக்கன் அக்கா அரை நாள் லீவு சொல்லிவிட்டு, முகத்தில் ஈயாடாமல் போய் நின்றாள். அவர் ஒரு தாளை எடுத்தார்.

"உங்க வீட்ல தங்கின பொண்ணு எழுதினது. கேளுங்க. 'இந்த வீடு எங்கள் முகாமைவிடக் கடுமை. என் படுக்கை மடிப்பு இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. எட்டாம் நாள் எல்லோரும் தூங்கிவிட்டோம். அன்று அந்த அம்மா எனக்குத் தலை வாரிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அடுத்து வருகிறவளுக்கும் இதே வீட்டைக் கொடுங்கள். ஆனால் காலை ஆறு மணிக்கு ஊதச் சொல்லுங்கள்.'" மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, அந்த நேர அட்டவணை முகாமுக்கு. எங்க கிளார்க் தப்பா வீடுகளுக்கு அனுப்பிட்டார். ஏழு வீட்ல குப்பையில போட்டாங்க. நீங்க நிஜமாவே விசில் ஊதினீங்களா?"

"முத்திரை இருந்துச்சே சார்."

மாஸ்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் சொன்னார்: "உங்க பொண்ணு போறா. இன்னொண்ணு. ஆறு பொம்பளைப் பிள்ளைங்க போறதால துணைக்கு ஒரு பெண்மணி வேணும். செலவு படையோடது. நீங்க வர்றீங்களா?"

முப்பது பல் வலிக்காரர்களை அடக்குகிறவள், "வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர், "போயிட்டு வா, நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். தம்பி, "பத்து நாள் போதுமா அக்கா? ஒரு மாசம் இருந்துட்டு வா" என்றான். மகள்தான் குனிந்து, கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பாவம், அம்மா இல்லாத பத்து நாளை எண்ணி எவ்வளவு கனவு கண்டிருப்பாள்! டோக்கன் அக்காவுக்கு அது தெரியாதா என்ன?

"வேண்டாம். கிளினிக்ல லீவு கிடைக்காது" என்றாள்.

மகள் எழுந்து அவள் முன்னால் வந்தாள். அப்புறம் கையை நீட்டினாள்.

"விசிலைக் குடு."

"எதுக்குடி?"

"அது இங்கயே இருக்கட்டும். நீ மட்டும் வா."

கிளம்புகிற நாள் விடியற்காலை, பள்ளிக்கூடத்து மைதானத்தில் பஸ் நின்றது. டோக்கன் அக்கா, தோள்பையோடு ஆறு பெண்களுக்குப் பின்னால் கடைசியில் நின்றாள். பெட்டி இந்த முறை இரவல் இல்லை, புதிது. வீட்டுக்காரரும் தம்பியும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். டிரில் மாஸ்டர் பட்டியலை எடுத்துப் பெயர் வாசித்தார். "வந்திருக்கேன் சார்", "வந்திருக்கேன் சார்" என்று பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் முனகினார்கள். ஆறு பெயரும் முடிந்தது. மாஸ்டர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கடைசியாக ஏழாவது பெயரை வாசித்தார்.

டோக்கன் அக்காவின் இரண்டு குதிகாலும் டக்கென்று சேர்ந்தன. தோள்பை நழுவிக் கீழே விழுந்தது. நாற்பத்து நாலு வயதுப் பெண்மணி, தெருவே எழுந்துகொள்கிற மாதிரி கத்தினாள்:

"வந்துட்டேன் சார்!"

மகள் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அப்புறம் கையைப் பின்னால் நீட்டி, அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.