விலாங்குக்கு வார்த்த பால்

ஃபிஜியில் எது கிடைத்தாலும் தேங்காய்ப்பாலில் வேகவைத்துவிடுகிறார்கள். மீன், கிழங்கு, கீரை எதுவும் தப்பாது. வாத்தியார் வேலைக்குக் கப்பலேறி வந்த எனக்கு இது ஒரே மாதத்தில் பழகிவிட்டது. என் மனைவி அலமேலுவின் குறை வேறு. அவள் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஆடி வெள்ளியில் புற்றுக்குப் பால் வார்க்காமல் இருந்ததில்லை. நாங்கள் இருக்கும் சின்னத் தீவிலோ மருந்துக்குக்கூட ஒரு புற்றில்லை.

"புத்து இல்லாத ஊர்ல புள்ளய பெத்துகினு எப்டி குடித்தனம் பண்றது? நான் அடுத்த கப்பல்ல போறேன், நீங்க வேணா இருங்க" என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. போனால் திரும்ப மாட்டாள். நான் கலங்கிப் போனேன்.

சமாதானப்படுத்த, படகுக்காரர் செமியோடு கடலுக்கு அழைத்துப் போனேன். அடியில் கண்ணாடி பதித்த பெட்டியைத் தண்ணீரில் அழுத்திப் பார்த்தவள், "ஐயோ சாமி!" என்று அலறினாள். கடலடி மணலெங்கும் ஓட்டைகள். ஒவ்வொன்றிலிருந்தும் விரல் பருமனில் ஒன்று தலைநீட்டி ஆடிக்கொண்டிருந்தது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் வளர்ந்த எனக்கு அவை விலாங்கு என்று தெரியாதா? ஆனாலும் "நாகந்தான்" என்றேன்.

வெள்ளிக்கிழமை செம்பு நிறையப் பசும்பாலோடு மறுபடி படகேறி வந்து அதே இடத்தில் கடலில் வார்த்தாள். அத்தனையும் சடாரென்று மணலுக்குள் மறைந்தன. "பால வாங்கிகினு உள்ள பூட்ச்சி, பாத்தீங்களா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சரி, இருக்கேன்" என்றும் சொன்னாள்.

இதையெல்லாம் செமி பார்த்துக்கொண்டிருந்தார். விலாங்கின்மேல் பாலை ஊற்றினால் அவர் நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆசை வந்துவிட்டது! ஞாயிறு மதியம், தொடைப் பருமனுள்ள கடல் விலாங்கு ஒன்றைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் சட்டியோடு வந்து நின்றார். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவரை எப்படித் திருப்பி அனுப்புவது? சட்டியை வாங்கி, மீன் என்று சொல்லி அலமேலுவிடம் கொடுத்தேன்.

அலமேலு இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, "இன்னா மீனு இது, இவ்ளோ ருசியா கீது?" என்றாள். செமி முகமெல்லாம் சிரிப்பாகக் கையை உயர்த்தி, விரல்களைக் குவித்து, நெளித்து நெளித்து ஆட்டிக் காட்டினார். பிறகு கடலைக் காட்டினார்.

அவள் கைச்சோறு வாய்க்குப் போகாமல் நின்றது. கப்பலுக்கு இன்னும் ஒரு வாரம்தான். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"இத்த துன்னுட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கினு எங்கூர் புத்தாண்ட போய் நிப்பேன்? கப்பலும் வாணாம், ஒண்ணும் வாணாம்!" என்று ஓவென்று அழுதாள். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது.

இப்போது பையன் நடக்கிறான். வெள்ளிதோறும் அலமேலு கரையில் நின்று, ஊர் இருக்கும் மேற்குத் திசையைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறாள். ஞாயிறானால் அதே இடத்தில் கிழக்கே திரும்பி, செமியின் படகு வருகிறதா என்று பார்த்தபடி கையில் கிண்ணத்தோடு நிற்கிறாள்.