பொட்டு வைத்த டப்பாக்கள்

வேலை தானாக நடக்கும் என்று சொன்ன நாளிலிருந்துதான் எனக்குப் பயம் பிடித்தது.

அதற்கு முன்பு பயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். வீட்டைப் பூட்டிவிட்டு கொரட்டூர் ஸ்டேஷன் வரை போய், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிறவன். ஆனால் வைஃபை டப்பா விஷயத்தில் மட்டும் என் கை எனக்குத் தைரியம் கொடுத்தது. கம்பெனிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் நெட்வொர்க் போட்டுத் தருவது எங்கள் தொழில். ஒவ்வொரு டப்பாவையும் லேப்டாப்பில் செருகி, பெயர், பாஸ்வேர்டு, சேனல் என்று நானே ஏற்றுவேன். இங்கிலீஷைப் படித்துப் புரிந்துகொண்டு அல்ல. திரையில் எந்த மூலையில் எதை அழுத்த வேண்டும் என்று மனப்பாடம். ஒரு டப்பாவுக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடமும் என் கைக்குள் இருந்ததால், தப்பு நடந்தால் எங்கே நடந்தது என்று எனக்கே தெரிந்துவிடும்.

போன வருடம் எங்கள் ஓனர் புது முறை கொண்டுவந்தார். டப்பாவின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரையும், அது எந்த இடத்தில் தொங்கப் போகிறது என்பதையும் முன்கூட்டியே ஒரு பட்டியலில் ஏற்றிவிட வேண்டும். பிறகு கூரையில் மாட்டிக் கரண்ட் கொடுத்தால் போதும். அது தானாகவே எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தேடிப் போய், தன் நம்பரைச் சொல்லி, தனக்கு எழுதி வைத்ததை வாங்கிக்கொள்ளும். ஆரஞ்சாக எரிந்த விளக்கு பச்சையாகிவிடும். நாம் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஆகாது.

ஓனர் என்னைக் கூப்பிட்டு, பூந்தமல்லியில் ஒரு புது குடோன், இருபத்தெட்டு டப்பா, நீ தனியாக முடி என்றார். முடித்துவிட்டால் இனி எல்லா சைட்டும் என் பொறுப்பு. முடியாவிட்டால் பழையபடி கேபிள் இழுக்கப் போக வேண்டியது. அவர் கோபமாகச் சொல்லவில்லை, டீ குடித்துக்கொண்டே சொன்னார். பதினோரு வருடம் கேபிள் இழுத்தவன் நான். ஃபால்ஸ் சீலிங்குக்குள் தவழ்ந்து தவழ்ந்து முட்டி இரண்டும் போய்விட்டது. 

இருபத்தெட்டு நம்பரையும் நானே ஏற்றினேன். நாலு தடவை சரிபார்த்தேன். எட்டு டப்பா குடோனுக்குள் இருக்கும் ஆபீஸ் அறைகளுக்கு, இருபது சரக்கு வைக்கும் பக்கத்துக்கு. ஒவ்வொரு பெட்டியின் மேலும் மார்க்கரால் கதவு 1, வரிசை 6, ஆபீஸ் 3 என்று எழுதினேன். பெட்டியின் மேல். டப்பாவின் மேல் அல்ல.

பூஜை போடலாம் என்று சொன்னதும் நான்தான். புது டிரில் மிஷின் வாங்கினாலே பொட்டு வைக்கிற இடம் எங்கள் ஆபீஸ். இது முதல் தடவையாகத் தானாக ஓடப் போகிற வேலை, சும்மா விடலாமா? எல்லா டப்பாவையும் வெளியே எடுத்து, மேஜையில் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தோம். ஏணி ஏறி மாட்டுகிற என் கூட்டாளி ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் வைத்தான். சூடம் காட்டினோம். வண்டி வந்து ஹாரன் அடித்ததும் ஆளுக்கு நாலாக எடுத்துப் பெட்டிகளில் போட்டோம். எதை எந்தப் பெட்டியில் போட்டோம் என்று ஒருவரும் பார்க்கவில்லை. மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்க்கிற எனக்கும் அப்போது தோன்றவில்லை.

வியாழக்கிழமை ஆளைத் தூக்கும் லிஃப்ட் வண்டியை வாடகைக்கு எடுத்து, பெட்டியில் எழுதியபடியே எல்லாவற்றையும் மாட்டி முடித்தோம். எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் பெண், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருகிறவர், போனில் கேட்டார்: "ஒரு ஏழெட்டுக்காவது இப்பவே கரண்ட் குடுத்துப் பாத்துடலாமாண்ணா?"

நாளைக்கு ஒன்பதேகாலுக்கு நல்ல நேரம், அப்போதுதான் போட வேண்டும் என்றேன். குடோன் மேனேஜருக்கும் அதுவே சரியாகப் பட்டது. லிஃப்ட் வண்டியைத் திருப்பி அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்கு மேனேஜர் ஸ்விட்ச் போட்டார். முப்பதடி உயரத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள் எரிந்தன. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். ஒன்று பச்சையானது, பிறகு மூன்று, பிறகு சடசடவென்று எல்லாமே. கூட்டாளி என் முதுகில் தட்டினான்.

"இன்னா மச்சான், எல்லாம் பச்சையா எரியுது, உன் மூஞ்சி மட்டும் இன்னும் ஆரஞ்சாவே கீது?"

பத்து மணிக்கு முதல் லாரி வந்தது. சரக்கு இறக்குகிறவர்கள் கையில் பார்கோடு ஸ்கேனர். முதல் கதவில் ஒருவர் பெட்டியைக் காட்டி அழுத்தினார், வேலை செய்யவில்லை. ஆறாவது வரிசைக்குப் போனால் வேலை செய்தது. அடுத்த வரிசையில் இணைப்பு அறுந்துவிட்டது. ஆபீஸ் அறையிலோ ஆபீஸ் வைஃபையே தெரியவில்லை. ஆபீஸ் டப்பாவில் ஸ்கேனர் சேராது, அப்படித்தான் பட்டியலில் எழுதியிருந்தோம். ஆபீஸில் இருக்க வேண்டியது கதவுக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று அந்த நிமிடமே புரிந்துவிட்டது. மேலே பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைத் தட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு. நம்பரோ முதுகுப் பக்கம், கூரையைப் பார்த்துக்கொண்டு. லிஃப்ட் வண்டி கைவசம் இல்லை. வாடகைக்காரரைக் கூப்பிட்டால் திங்கட்கிழமை என்றார்.

லேப்டாப் தோளில் தொங்கியது. செருகுவதற்கு ஒன்றும் இல்லை.

இன்ஜினியரைக் கூப்பிட்டேன். எல்லா டப்பாவும் தனக்கு எழுதியதைச் சரியாகத்தான் வாங்கியிருக்கிறது, இங்கே ஒரு தப்பும் காட்டவில்லை என்றார். சற்று யோசித்துவிட்டு, குடோனுக்குக் கொண்டுபோவதற்கு முன்பே டப்பாவைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த இல்லையைச் சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்லாவிட்டால் அவர் வேறெங்கோ தேடிக்கொண்டே இருப்பார், லாரியும் நின்றுகொண்டே இருக்கும்.

"எடுத்தோம்மா. பூஜை போட்டோம். திரும்ப மாத்தி வெச்சுட்டோம் போல."

"சரிண்ணா. நான் ஒவ்வொண்ணா விளக்கை மினுக்க வைக்கிறேன். எது மினுக்குதுன்னு பாத்து, எந்த இடம்னு சொல்லுங்க. இங்க பட்டியல மாத்திடறேன்."

அப்படி ஒரு வசதி இருப்பதே எனக்குத் தெரியாது. கழுத்தை அண்ணாந்து, குடோனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். இருபத்தெட்டில் ஒன்று எங்கோ மினுக்கும். கண்டுபிடிப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். கூட்டாளி எதிர்க்கோடியில் நின்று, "இங்கே கீது மாமே" என்று கத்துவான். மேனேஜர் என் பின்னாலேயே வந்தார். இறக்குகிறவர்கள் பேனா வாங்கி அட்டையில் சரக்கு நம்பர்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் போகிற பக்கமெல்லாம் அவர்கள் தலை நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது.

இரண்டு மணிக்கு மேல்தான் எல்லாம் சரியானது. முதல் கதவில் ஸ்கேனர் பீப் என்றபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, உட்கார இடம்தான் தேடினேன். ஓனர் நடுவிலேயே வந்து வாசலில் நின்றிருந்தார். நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தேவலை.

"பூஜை போட்டது தப்பில்லப்பா. வெளிய எடுத்தவன் அதுமேல ஒரு நம்பர் எழுதியிருக்கலாம்ல?"

திங்கட்கிழமை வேலைப் பலகையில் என் பெயர் கேபிள் வரிசையில் இருந்தது. மாங்காட்டில் ஒரு மண்டபம். நான் சீலிங்குக்குள் தவழ்ந்து கேபிளைத் தள்ள, கீழிருந்து கூட்டாளி இழுத்தான். அவன் மாட்டக் கொண்டுவந்த டப்பாக்களில் பொட்டுக்குப் பக்கத்திலேயே மார்க்கரால் பெரிதாக எண் எழுதியிருந்தது. இனிமேல் அதுதான் ஆபீஸ் வழக்கமாம்.

கரண்ட் கொடுத்ததும் சீலிங் ஓட்டை வழியாக ஆரஞ்சு தெரிந்தது. எந்த நம்பர், எந்த இடம் என்று மேலிருந்தே கேட்டேன்.

"உனுக்கு இன்னாத்துக்கு அது? கேபிளத் தள்ளு" என்றான் கூட்டாளி.

தள்ளினேன். ஆனால் விளக்கு பச்சையாகும் வரை பார்த்துவிட்டுத்தான் தள்ளினேன். பச்சையான பிறகும் நம்ப முடியவில்லை.