சந்துக்கு ரோடு வந்த நாள்

சேலம் செவ்வாய்பேட்டையில், மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு திருப்பம் தள்ளி, ஒரு சந்தில் எனக்கு ஒரு வீடு இருந்தது. எனக்கு என்று அழுத்தியே சொல்கிறேன். பத்திரத்தில் என் பெயர் மட்டும்தான். நாமக்கல்லில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் வந்தால் சோறு தண்ணி மறந்துபோகும். அப்படித் தைத்துத் தைத்து வாங்கிய வீடு அது. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, நடுவே ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டு.

குடியிருக்க வாங்கியதல்ல. நாங்கள் குடியிருப்பது சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், என் கணவரின் காட்டில், கோழிப்பண்ணையை ஒட்டி. சந்து வீட்டை வாடகைக்கு விட்டுவைப்போம், ஊர் வளரும்போது அதுவும் வளரும், நல்ல விலை வந்தால் விற்கலாம் என்பது என் யோசனை. அதை வாங்கியபோது என் கணவர் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்.

"அம்மணி, அந்தக் காசுக்கு நம்ம காட்டுலயே இன்னொரு கோழி செட்டுப் போட்டுப்போடலாம். அது முட்டையாவது வெக்கும்."

நான் கேட்கவில்லை. வீட்டைக் காட்டிய தரகர், ரெண்டே வருசத்தில் சந்தே மாறிப்போகும் என்று சொல்லியிருந்தார். மாறியது உண்மைதான். மண் சந்தாக இருந்தது, தோண்டிய சந்தாக மாறியது. சாக்கடைக் குழாய்க்குத் தோண்டி மூடினார்கள். மூடிய இடம் மழைக்கு உள்வாங்கியதும் ஜல்லி கொட்டினார்கள். ஜல்லியின் மேல் ஏதாவது போடுவார்கள் என்று பார்த்தால், அதன் மேல் பூனைகள்தான் படுத்தன. பெரிய ரோட்டில் மட்டும் எல்லாம் நடந்தது. ஏடிஎம் வந்தது, கண்ணாடி போட்ட மருந்துக்கடை வந்தது, ஏசி வைத்த முடிவெட்டும் கடை வந்தது. எல்லாம் சந்து முனை வரைக்கும் வந்து, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டன.

என் கணவரின் வீட்டாருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் உட்கார்ந்ததும் அவருடைய அண்ணன் ஆரம்பித்துவிடுவார். "ஏம்மா, சேலத்து அரமனை எப்படியிருக்குது?"

"ரோடு போடப்போறாங்களாமுங்க" என்பேன் நான்.

"போன கல்யாணத்துலயும் இதத்தானம்மா சொன்ன" என்பார். இலையில் சோறு விழுவதற்கு முன் பந்தியே சிரிக்கும். என் நாத்தனார் நான் சொல்வது மாதிரியே கழுத்தைச் சாய்த்துச் சொல்லிக் காட்டுவாள். என் கணவர் சிரிக்கமாட்டார். ரசத்தை மிகக் கவனமாகக் குடிப்பார். அது சிரிப்பதைவிட மோசம்.

அதனால்தான் அவர் "வித்துப்போடலாமா?" என்று கேட்கும்போதெல்லாம் நான் முடியாது என்றேன். காரணம் கேட்டால், இன்னும் விலை வரட்டும் என்பேன்.

பிள்ளைகள் இருவரும் வெளியூரில் வேலைக்குப் போய்விட்ட பிறகு, எங்களிடம் பேச மிச்சமிருந்தது கோழிகளும் அந்த வீடும்தான். அப்போது தரகர் போன் செய்தார். ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பார்ட்டி, பாத்திர வியாபாரி, மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இடம் தேடுகிறார், ஒரு விலையும் சொல்லியிருக்கிறார், நேரில் பேச வருவார், நீங்களும் வாங்க என்றார். நான் முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என் கணவர் போனுக்கு எட்டுகிற தூரத்தில் நின்று, "வாரோமுங்க" என்று சொல்லிவிட்டார்.

எங்கள் இருவருக்குமே இருந்த தயக்கம் குடியிருந்தவர்களைப் பற்றியது. கீழ்வீடு மேல்வீடு இரண்டிலும் ஒரே குடும்பம்தான் இருந்தது. ஒரு புருசன் பெண்டாட்டி, சின்ன வயசுக்காரர்கள். வாசலில் தள்ளுவண்டி போட்டு தட்டுவடை செட்டு விற்பார்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும். அந்தப் பெண் என்னை அக்கா என்பாள். அவளிடம் வீட்டை விற்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது?

"நீங்க சொல்லுங்க" என்றேன் பஸ்ஸில் ஏறியதும்.

"உன்ற ஊடு. நீயே சொல்லு" என்றார் அவர்.

"விக்கறதுன்னு நான் எப்பச் சொன்னேனுங்க?"

"அப்பறம் எதுக்கு பஸ்ஸு ஏறுன?"

"நீங்கதான வாரோம்னு சொல்லிப்போட்டீங்க."

ராசிபுரம் தாண்டும் வரைக்கும் இப்படியே போனது. முன் சீட்டில் ஒரு அம்மா மடியில் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டத்தில் பொறுக்கமுடியாமல் திரும்பிவிட்டார். "ஏனுங்க, கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. விக்கறீங்களா, இல்லீங்களா?"

"தெரியலீங்க" என்றோம் இருவரும் ஒன்றாக. அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, பலாப்பழத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கணவருக்கும் வந்தது. சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, எதற்கு வந்தோம் என்பதே ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது.

செவ்வாய்பேட்டையில் ஆட்டோவை விட்டு இறங்கி, சந்து முனையில் திரும்பினேன். திரும்பியவள் அப்படியே நின்றேன். தப்பான சந்துக்குள் வந்துவிட்டேன் என்றே முதலில் நினைத்தேன்.

சந்தில் ரோடு இருந்தது. இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் சிமென்ட் ரோடு, வெள்ளை வெளேரென்று, நடுவில் லேசாக மேடு வைத்து, தண்ணீர் இரண்டு பக்கமும் வடிகிற மாதிரி. சிமென்ட் இறுகுவதற்காக நனைத்துப் போட்டிருந்த சாக்குகளை அன்று காலையில்தான் எடுத்திருந்தார்கள். ஓரத்தில் குவியலாகக் கிடந்தன. சந்தே வெளியே வந்து நின்றது. ஒரு தாத்தா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துபார்த்தார். இரண்டு பெண்கள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் குனிந்தும் நிமிர்ந்தும் நின்றார்கள். யாரோ சைக்கிளில் போனார்கள். மணியடிக்கத் தேவையே இல்லை, ஆனாலும் வழி முழுக்க அடித்துக்கொண்டே போனார்கள்.

என் கணவர் குனிந்து ரோட்டை உள்ளங்கையால் தொட்டுப்பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"சும்மா இரு அம்மணி" என்று சொல்லிவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சந்தின் கோடி வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார். அறுபதைத் தொடப்போகிற மனிதர். கோழிச் செட்டின் தரையைத் தவிர எதையும் அக்கறையாகப் பார்த்தறியாதவர். முகமெல்லாம் சிரிப்பு. "என்னமா இழைச்சிருக்கான் பாரு. தண்ணி ஒரு சொட்டு நிக்காது."

வீட்டு வாசலில் தட்டுவடை வண்டியை அந்தப் பெண் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. உள்ளே திரும்பிப் புருசனைக் கூப்பிட்டாள். அவனும் வந்து அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டான். இவர்களுக்கு எப்படியோ சேதி தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது" என்றாள்.

"நானும் உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும் சாமி" என்றேன்.

"நீங்க சொல்லுங்கக்கா."

"இல்ல, நீ சொல்லு."

அவள் புருசனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "நாலு ரோடு பக்கம் ஒரு கடை அமைஞ்சிருக்குக்கா. கடையோடவே வீடு. இவ்வளவு நாள் எங்களை வெச்சிருந்தீங்க, எப்படிச் சொல்றதுன்னு ஒரு மாசமா நாங்க தூங்கவே இல்ல."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வண்டியின் சட்னிக் குண்டா ஆடியது. அவள் பயந்துபோனாள். நாங்கள் எதற்கு வந்தோம் என்று சொன்னதும் அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்து, புருசன் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான்.

பாத்திர வியாபாரி அப்போதுதான் தரகரோடு வந்து சேர்ந்தார். பருத்த, சாந்தமான மனிதர், கூடவே அவர் மனைவி. தட்டுவடை சாப்பிடுகிற சாக்கில் தரகரோடு வந்து வீட்டை ஏற்கெனவே வெளியிலிருந்து பார்த்துவிட்டார்களாம். இப்போது ரோட்டைப் பார்த்ததும் இருவரும் அதைச் செருப்பால் தேய்த்துப் பார்த்தார்கள். தரகர்தான் தவித்தார். இந்த ரோடு அவருக்கே தெரியாது. விலையை ஏற்றுவதா, பேசியதிலேயே நிற்பதா என்று அவர் மனதுக்குள் ஓடுவது நெற்றியில் தெரிந்தது.

எல்லோருக்கும் தட்டுவடை செட்டு வந்தது. காசு வேண்டாம் என்றுவிட்டாள் அந்தப் பெண். வியாபாரி முதல் தட்டை முடித்துவிட்டு, "எங்களுக்கு வீடு பிடிச்சிருக்குமா. மேல நாங்க இருந்துக்கிட்டு, கீழ சாமான் போட்டுக்குவோம். ரோடு வந்துட்டதால நீங்க கொஞ்சம் கூடக் கேட்டாலும் நியாயம்தான். சொல்லுங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன் என் கணவர் பேசினார்.

"குடுக்கறதா இல்லீங்க."

தரகர் கையிலிருந்த வடை உடைந்தது. நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருசம் வித்துப்போடலாம், வித்துப்போடலாம் என்று என் உயிரை எடுத்தவர். கிளம்பும்போதுகூடச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே அதைத்தான் சொன்னவர்.

"ஏனுங்க, நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான். இப்பத்தான் ரோடே வந்திருக்குது. இனிமேல்தான அம்மணி இதுக்கு மவுசு. இதப்போயி இன்னைக்கு விப்பாங்களா?" என்றார். வியாபாரியைப் பார்த்து, "தப்பா நெனைக்காதீங்க. என்ற சம்சாரம் அன்னைக்கே சொன்னாங்க. எங்க ஊட்டுல ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல. அவங்க சொன்னதுதான் சரி" என்றார்.

செருப்பில்லாமல், உதட்டோரத்தில் பீட்ரூட் ஒட்டியிருக்க, ஆத்தூர்க்காரர்கள் முன்னால், தரகர் முன்னால், சந்து முன்னால் சொன்னார்.

அந்த நிமிசத்தில் எனக்கு என்ன ஆனது என்பதை நான் இன்றுவரை யாருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. குடிக்காதவளுக்குக் கள் கொடுத்தால் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. காலுக்குக் கீழே ரோடு இருந்ததா என்றே தெரியவில்லை. விலை வரட்டும், விலை வரட்டும் என்று நான் காத்திருந்தது இந்தப் பேச்சுக்குத்தான் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அது வந்துவிட்டது. இனி இந்த நாலு அறையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? படிக்கட்டைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய வீடு மாதிரி இருந்தது. நல்ல வீடுதான்.

"குடுத்துப்போடலாமுங்க" என்றேன்.

"என்னது?"

"இவிங்களுக்கே குடுத்துப்போடலாம். பேசுன விலைக்கே."

"அம்மணி, வெய்யில்ல வந்தது ஒத்துக்கலியா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. என்ற ஊடு. நான் விக்கறேன்."

வியாபாரியின் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "நெஜமாவாம்மா? நீங்க ரெண்டு பேரும் உள்ள போய்ப் பேசிட்டுக்கூட வரலாம்."

"பேசியாச்சுங்க. பஸ்ஸு முழுக்கப் பேசியாச்சு."

என் கணவர் கொஞ்ச நேரம் விடவில்லை. இன்னும் ஒரு வருசம் என்றார், ஆறு மாசம் என்றார், ரோடு காயட்டும் என்றார். இத்தனை காலம் நான் சொன்ன சாக்கெல்லாம் அவர் வாயில் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். கடைசியில் அவரே ஒரு சாக்குக்கு நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "செரி, உன்ற இஷ்டம்" என்றார். தரகர் உடைந்த வடையை ஒருவழியாக வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் பத்திரம் பதிந்தோம். பதிவு அலுவலகத்தில் காத்திருக்கும்போது, சந்தின் நடுவில் குடிதண்ணீர்க் குழாய்க்காக ரோட்டைக் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள் என்று வியாபாரி சொன்னார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அவர் என்னைத் தேற்றினார். "அதெல்லாம் ரெண்டு நாள்ல மூடிடுவாங்கம்மா. பெரிய லைன் வருதாம். தண்ணி வந்துட்டா அந்த இடத்தைப் பிடிக்க முடியாது." அவர் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். நான் அவரை மனதார வாழ்த்தினேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. கையெழுத்துப் போட்டு முடித்ததும் ஒரு வருத்தம் வரும் என்று எதிர்பார்த்து, அதற்காக ஒரு கைக்குட்டைகூட எடுத்துப் போயிருந்தேன். வரவில்லை. மல்லூர் தாண்டும்போது என் கணவர், "இப்ப என்ன பண்றது?" என்று கேட்டார். பணத்தைப் பற்றிக் கேட்கிறாரா, பொழுதைப் பற்றிக் கேட்கிறாரா என்று தெரியவில்லை.

"பசிக்குதுங்க" என்றேன்.

ராசிபுரத்தில் இறங்கிவிட்டோம். டிக்கெட் நாமக்கல் வரைக்கும் எடுத்திருந்தது. கண்டக்டர் எங்களை ஒரு தினுசாகப் பார்த்தார். ஒரு ஓட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது என்று இன்னொன்று சொன்னோம். பிறகு, ஏன் என்று தெரியாமலே ஒரு பட்டுக் கடைக்குள் நுழைந்தோம். என் கணவர் ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, கடைக்காரரிடம் அதை எடுங்க, இதை எடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் கல்யாணப் புடவையைக்கூட அவருடைய அம்மாதான் எடுத்தார். கடைசியில் கிளிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட ஒன்றைத் தன் தோளிலேயே போட்டுப் பார்த்துவிட்டு, "இது" என்றார்.

அந்தப் பச்சையை நான் ஜென்மத்தில் கட்டியதில்லை. தெருவில் நடந்தால் கிளி என்று நினைத்து யாராவது கொய்யாப்பழம் நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டேன். அந்த மாதக் கடைசியில் என் கணவரின் அண்ணன் வீட்டில் ஒரு வளைகாப்பு வந்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் போனேன்.