அக்காவின் பச்சைக் கல்

வளைகுடாவில் ஒரு மோதிரக் கடையில் பன்னிரண்டு வருஷம் நின்றேன். அங்கே அதிகம் விற்றது பல நிறத்தில் வரும், விலை குறைந்த அகேட் கல். அரபிகள் அகீக் என்பார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு இந்த அறிவால் எனக்கு எரிச்சலைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. ஊர்க்காரர்கள் ரப்பர் தோட்டத்தில் குழி வெட்டும்போது எது மினுங்கினாலும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து, வைடூரியமா என்று கேட்பார்கள். இல்லை என்றால் எனக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று போய்விடுவார்கள்.

பெருங்கடவிளையில் இருக்கும் என் அக்காவும் அப்படித்தான். ஒருமுறை அவளுக்கு அருமையான பாசி அகேட் கொண்டுவந்தேன். தெளிந்த கல்லுக்குள் பச்சைப் பாசி படர்ந்த மாதிரி இருக்கும். ஒன்றைப் போல் இன்னொன்று கிடைக்காது. உள்ளே அழுக்கு இருக்கிறது என்று அலமாரியில் போட்டுவிட்டாள். சிவப்பு அகேட்டைக் கொடுத்தபோது செங்கல் துண்டா என்று கேட்டாள். கறுப்பில் வெள்ளை வரி ஓடும் ஓனிக்ஸை அவள் கையால் தொடவே இல்லை.

அப்படிப்பட்டவள் இப்போது ஒரு சாயக் கல்லை மரகதம் என்று விரலில் போட்டிருக்கிறாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி, இரண்டு தடவை அவளே தள்ளிப்போட்டாள். மரகதம் போட்டால் நாற்பத்தொரு நாளில் கண் தெளியும் என்று காட்டாக்கடைப் பக்கம் ஒரு ஜோசியன் சொல்லி, கல்லையும் அவனே கொடுத்திருக்கிறான். மூன்றாவது தேதி நாளைக்கு.

அதனால் இன்று காலையிலேயே அவள் வீட்டுக்குப் போனேன். மோதிரத்தைக் கழற்ற வைக்கவே அரை மணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது. போன் டார்ச்சைக் கல்லுக்கு அடியில் பிடித்தேன். நினைத்தது சரிதான். வெங்காயத்தை அறுத்தது போல மெல்லிய வரிகள், ஒன்றை ஒட்டி ஒன்று. மரகதத்தில் அப்படி வராது. ஓரத்தில் ஒரு விரிசல். அதில் மட்டும் பச்சை கெட்டியாகத் தேங்கியிருந்தது. சாயம் ஏற்றிய அகேட்டுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. வரி வரியாக இருக்கிறது பார், விரிசலில் சாயம் தேங்கி நிற்கிறது பார், இதை நம்பியா கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று கத்தினேன்.

அக்கா மோதிரத்தை வாங்கி மூக்கில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு மற்றதை மூடிப் பார்த்தாள். நான் டார்ச்சை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"வரியும் இல்ல, ஒண்ணும் இல்ல மக்கா," என்றாள். "சுத்தமான கல்லாக்கும்."

நாளைக்கு வரவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு என்னையே சொல்லச் சொல்லிவிட்டு, மோதிரத்தை மறுபடியும் விரலில் ஏற்றிக்கொண்டாள். அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.