படி உச்சியில் கவிழ்த்த கைப்பை

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதக் குளிரில், இத்தாலியின் பலேர்மோவில் நடந்தது இது. அப்போது நான் இங்கு வேலைக்கு வந்து ஏழாவது மாதம். லண்டனிலிருந்து அக்கா வந்திருந்தார். எனக்குக் கிடைத்ததோ ஒரேயொரு ஞாயிறு லீவு. ஒரே நாளில் ஊரை முழுக்கக் காட்டிவிடும் வெறியில் வியா மக்வேதா கடைத்தெரு, பேராலயம், துறைமுகம் என்று அவரை இழுத்துத் திரிந்துவிட்டு, மத்தியானம் பஸ் பிடித்து மலைமேல் இருக்கும் புனிதையின் குகைக்கோயிலுக்குப் போனோம். நாங்கள் சைவம்தான். ஆனால் இங்குள்ள தமிழர் சைவக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர் என்று பாராமல் எல்லோரும் ஏறுகிற மலை அது.

கும்பிட்டு வெளியே வந்தால், படிகளின் உச்சியில் ஊன்றுகோலோடு ஒரு வயதான இத்தாலிய அம்மா வாங்குப் பலகையில் தனியே இருந்தார். என் கையைப் பிடித்து என்னவோ கேட்டார். எனக்குத் தெரிந்த இத்தாலியனோ வீடு கூட்டித் துடைக்கும் வேலையில் வாளிக்கும் தும்புத்தடிக்கும் மட்டும் போதுமானது. ‘பஸ்’ என்ற சொல் மட்டும் பிடிபட்டது. பஸ்ஸிலா வந்தீர்கள் என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து “ஸீ, ஸீ” என்று தலையாட்டினேன். வயதானவரிடம் ‘போறன்’ என்று சொல்ல வாய் வருமா? “வாதோ எ தோர்னோ” என்று சொல்லிக் கிளம்பினேன். நம் ‘போயிட்டு வாறன்’ என்பதை நானே சொல்லுக்குச் சொல் இத்தாலியனாக்கி, ஏழு மாதமாக எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

காட்சிமுனைக்கு நடந்து போய், கடலைப் பார்த்து, அக்கா போட்டோ எடுத்து முடிக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடந்தே மலை இறங்குவோம் என்றார் அக்கா. சரியென்று கோயிலடிக்குத் திரும்பி வந்தால், படிகளுக்குக் கீழே மெழுகுதிரி விற்பவர் எங்களைக் கண்டு கோபமாகக் கையாட்டிக் கத்தினார். மேலே அதே அம்மா, அதே வாங்கில், என்னைக் காட்டிக் காட்டி அழுதார்.

“என்னடி சொல்லி ஏசுது மனிசி?”

“ஒண்டும் விளங்கேல்லை அக்கா.”

“எதையோ துலைச்சுப்போட்டா போல. எங்களைக் கள்ளர் எண்டு நினைக்கினம். பேசாமல் வா, போவம்.”

ஓடினால் கள்ளி என்றே முடிவாகிவிடும். படியேறிப் போய், அந்த அம்மாவின் காலடியில் என் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். சீப்பு, வீட்டுக் கதவுத் திறப்பு, விபூதிச் சரை, பாதி தின்ற பிஸ்கட். “வடிவாப் பாருங்கோ” என்று தமிழிலேயே கத்தினேன். அவர் திகைத்துப்போய் என் முகத்தையே பார்த்தார்.

பின்னால் ஏறி வந்த மெழுகுதிரிக்காரர்தான், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெல்ல மெல்ல விளக்கினார். படியிறங்கி பஸ் ஏறக் கைகொடுப்பாயா என்றுதான் அந்த அம்மா கேட்டிருக்கிறார். நான் ஓம் என்று தலையாட்டியதோடு ‘வாதோ எ தோர்னோ’ என்றும் சொல்லியிருக்கிறேன். இங்கே அதற்கு ‘இந்தா, உடனே வந்துவிடுகிறேன்’ என்றுதான் அர்த்தமாம். இரண்டு பஸ் போய்விட்டது. மெழுகுதிரிக்காரர் கைகொடுக்க வந்தபோதும், “அந்தப் பிள்ளை வாறன் எண்டது, வந்து என்னைக் காணாட்டித் தேடும்” என்று அவர் மறுத்துவிட்டாராம். நேரம் போகப் போக, நான் மலையில் எங்காவது விழுந்துவிட்டேனோ என்று பயந்து அழத் தொடங்கியிருக்கிறார்.

மிஞ்சியிருந்தது கடைசி பஸ்தான். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினோம். அவர் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. பஸ்ஸில் என் சால்வையை அவருக்குப் போர்த்திவிட்டு, காக்க வைத்ததற்குப் பத்துத் தரமாவது “ஸ்கூஸி” சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தட்டினார்.

ஆனால் எனக்காகப் பயந்து அழுத ஒருவரை, என்னைக் கள்ளி என்கிறார் என்று நினைத்துவிட்டேனே, அதற்கு மன்னிப்புக் கேட்க அன்று எனக்கு இத்தாலியன் போதவில்லை. இன்று போதும், ஆனால் அந்த அம்மா எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.