செத்த பூஞ்சணமும் அன்ரனெற்றும்

அன்ரனெற்றை யாராவது சாது என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். மன்னார்க்காரி. பகலில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகளைத் தோய்ப்பாள். கனடாவில், ஸ்காபரோவில், நீக்கிலாஸ் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தாள். நீக்கிலாஸ்தான் எங்கள் செபக்கூட்டத் தலைவர். பேச்சில் தேன் ஒழுகும், வீட்டுச் சுவரில் தண்ணீர் ஒழுகும்.

ஊரில் கடைசிச் சண்டை நடந்த அந்தக் குளிர்காலம் முழுவதும் அவளுடைய கைகளெல்லாம் தடித்தன, படுத்தால் மூச்சு இழுத்தது. கட்டிலுக்குப் பின்னால் சுவர் பூஞ்சணம் பிடித்துக் கறுத்திருப்பதைக் காட்டினாள். நீக்கிலாஸ் பிளீச் ஊற்றினார், அதன்மேல் பலகை அடித்தார், வெள்ளை பெயின்ற் பூசினார். இழுப்பு நிற்கவில்லை.

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "அன்ரனெற்றின்ர தம்பி வன்னியில சண்டைக்க அகப்பட்டு நிக்கிறான். அந்த யோசனைதான், அந்தக் கவலைதான் பிள்ளையின்ர உடம்பில வருது," என்று கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் சொன்னார். அவருடைய மனைவி கிளடிஸ் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். சனமும் நம்பியது. தை மாதத்துக்குப் பிறகு தம்பியிடமிருந்து அழைப்பு வராதது உண்மைதான். அந்தத் தம்பியை இழுத்தா தன் சுவரை மூட வேண்டும்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நான் அவளைக் கூட்டிப்போன ஒவ்வாமை மருத்துவர் ரோகிணி சென்னைக்காரர். அன்ரனெற்றின் கையில் வரிசையாகத் துளிகள் வைத்து ஊசியால் கீறினார். பூஞ்சணத் துளி மட்டும் நுளம்பு கடித்ததுபோல வீங்கி எழுந்தது.

"தோலுக்கு அடியிலயும் மூச்சுக்குழாய்லயும் மாஸ்ட் செல்னு காவல்காரங்க இருக்காங்கம்மா. பூஞ்சையோட மேலோட்டுல ஒரு சர்க்கரை இருக்கு, அதைத் தொட்டே ஆளைக் கண்டுபிடிச்சிடுவாங்க. உங்க உடம்பு பூஞ்சைக்குன்னே அடையாளச் சீட்டும் செஞ்சு அவங்க கையில குடுத்திருக்கு. கண்டதும் உள்ள வச்சிருக்கிற ரசாயனத்தையெல்லாம் கொட்டிடுவாங்க. அதான் தடிப்பு, இழுப்பு."

"பிளீச் போட்டுச் சாகடிச்சாச்சு எண்டு வீட்டுக்காரர் சொல்லுறார், டொக்டர்."

"செத்தாலும் ஓடு இருக்குமே. உயிரோட இருக்கான்னு அவங்க கேக்க மாட்டாங்க."

"அப்ப இது கவலையில வாறதில்லையோ?"

"கவலைக்கு இந்தத் துளி மட்டும் தடிக்காதும்மா."

வெளியே வந்தபோது அவள் முகத்தில் அப்படியொரு சந்தோசம். நகரசபைக்குப் போன் பண்ணி வீட்டைப் பற்றி முறையிடச் சொன்னேன். "அது நீக்கிலாஸ் அண்ணைக்கு நோகாது," என்றாள்.

மே எங்களுக்கு மாதாவின் மாதம். மாதாவின் சிலையான சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் செபமாலை முடிந்ததும் எல்லோரும் பாடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குத் தூக்கிச் செல்வோம். அந்த வருடம் அன்ரனெற்றும் தன் பேஸ்மென்றுக்குக் கேட்டு வாங்கியிருந்தாள். அதற்கடுத்தது மேலே, நீக்கிலாஸ் வீடு.

அவளுடைய முறை வந்தது, சண்டை முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்ன அன்று. அழுது வீங்கிய கண்களோடு எல்லோரும் முழந்தாளிட்டோம். அந்த அறையில் ஊரில் ஒருவரையாவது தேடாத ஆள் இல்லை. நீக்கிலாஸ் கடைசி மன்றாட்டைச் சொன்னார்: "அன்ரனெற்றின்ர தம்பிக்காகவும், யோசனையில நோயாகிப்போன அவவுக்காகவும்..."

அன்ரனெற் எழுந்தாள். கட்டிலுக்கடியில் வைத்திருந்த சுத்தியலை எடுத்து, அதன் பின்பக்கத்தைப் பலகைக்குள் கொடுத்து நெம்பினாள். ஆணிகள் கத்தின. பலகை விழுந்தது. சுவர் நிலம்வரை கறுத்துக் கிடந்தது.

"இதுதான் அண்ணை என்ர யோசனை."

"பிள்ளை, அது செத்துப்போச்சு. பிளீச் அடிச்சனான்."

"செத்ததுகூட ஆளைக் கொல்லும். தடிப்பைப் பாருங்கோ. என்ர தம்பியின்ர பேரை இனி உங்கட வாயில எடுக்கக்கூடாது."

அவளுக்கு மூச்சு இழுத்தது, ஆனாலும் நின்றாள். கூட்டத்தில் மூத்தவரான எட்வேட் அங்கிள் சொரூபத்தைத் தூக்கினார். நாங்கள் பாடிக்கொண்டு வெளியே வந்தோம்.

மேல்வாசலில் கிளடிஸ் மெழுகுதிரி கொளுத்தி வைத்துக் காத்திருந்தாள். உள்ளே அவித்த கடலை மணத்தது. கீழே நடந்தது அவளுக்குத் தெரியாது. எட்வேட் அங்கிள் அந்த வாசலில் நிற்காமல் நடந்தார். சனமும் பின்னால் போனது.

கிளடிஸ் படியிறங்கி ஓடிவந்து அன்ரனெற்றின் கையைப் பிடித்தாள். "மாதாவை ஏன் கொண்டுபோறியள்? என்ர தமையனும் வன்னியிலதான் பிள்ளை. அவனுக்காகத்தானே மெழுகுதிரி கொளுத்தினனான்."

அன்ரனெற் கையை விடுவித்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வெறும் யோசனை அக்கா," என்றாள். "ஒண்டும் இராது."

சொல்லிவிட்டு, பாட்டு எந்த வரியில் போய்க்கொண்டிருந்ததோ அந்த வரியில் சேர்ந்துகொண்டாள்.