விமானக் கண்ணாடிக்குள் பனிமூட்டம்

தேயிலை விலை விழுந்த இரண்டாவது ஆண்டின் ஆனி மாதத்தில், குன்னூரில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றிலிருந்து ஒரு பெட்டியை வாங்கி வந்தேன். வெலிங்டனிலிருந்து மாற்றலாகிப் போன யாரோ ஒரு ராணுவ அதிகாரியின் வீட்டுச் சாமான்களோடு வந்தது. உள்ளே மிக்-21 போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி, ஒரு துண்டுகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. முடித்தால் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம் வரும். ஆனி என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது, ஏனென்றால் அந்த மாதம்தான் எங்கள் ஃபேக்டரி வியாழக்கிழமை மட்டும் ஓடும் என்று ஆனது.

அரவேணுவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சிறிய ஃபேக்டரியில் நான் டீமேக்கர். பச்சிலையை வாட்டுவது முதல் தூளைக் காயவைப்பது வரை என் பொறுப்பு. விலை விழுந்ததும் சிறு தோட்டக்காரர்கள் பலர் இலை பறிப்பதையே விட்டுவிட்டார்கள். முதலாளி ஃபேக்டரியை மூடவும் இல்லை, நடத்தவும் இல்லை. மற்ற நாட்களில் நான் சாவிக்கொத்தோடு குவார்ட்டர்ஸில் கிடக்க வேண்டும். முதலாளியைப் போனில் கேட்டால் ஒரே பதில்தான்.

"கொஞ்சம் பொறுங்க டீமேக்கரே. மார்க்கெட் ஏறும்."

அதே சமயம் என் மனைவிக்குக் கோயம்புத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் மேற்பார்வை வேலை கிடைத்தது. அவள் தங்கை வீட்டு மாடியில் அறையும் காலியாக இருந்தது. ஆவணியில் சேர வேண்டும். நானும் வருகிறேனா என்பதுதான் கேள்வி.

"ஏனுங்க, என்ன முடிவு பண்ணுனீங்க?"

"இதை முடிச்சுக்கறேன். கொஞ்சம் பொறு."

"முடிக்கறதுக்கா பண்றீங்க? நேத்து முச்சூடும் அந்தப் பிளேன் சீட்டுக்கு பெல்ட் தெச்சுட்டு இருந்தீங்க."

"தெக்கலை. தூள் பாக்கெட் ஈயத்தாள்ல வெட்டுனது."

"அட, ரொம்பத்தான் வித்தியாசம்."

அவள் சொன்னது சரி. பழைய டெலிபோன் வயரை உரித்து, அந்தத் தாமிர இழைகளை விமானி அறையின் பக்கச் சுவரில் ஒட்டினேன். இறக்கை முழுக்க ஊசிமுனையால் ஆணித்தடம் குத்தினேன். இதே விமானத்தில் எந்த ஆண்டில் எந்த மாற்றம் வந்தது என்று, கிடைத்ததையெல்லாம் படித்தேன். வெளியே மலையும் சாலையும் தெரியாத மழை. மேசை மேலிருந்த அந்தக் கட்டை விரல் அகல அறைக்குள்தான் நான் இருந்தேன்.

ஆடி நடுவில் விமானி பொம்மையை உட்காரவைத்து மேல் கண்ணாடியை ஒட்ட வேண்டியிருந்தது. வீட்டில் சுவரே வியர்த்தது. எனவே காய்ந்த இடம் தேடி ஒரு வியாழக்கிழமை விமானத்தை ஃபேக்டரியின் வாட்டும் மாடிக்குக் கொண்டுபோனேன். அங்கே தொட்டிகளில் இலையைப் பரப்பி, கீழிருந்து விசிறியால் வெதுவெதுப்பான காற்றை அனுப்புவோம். முகத்தில் பட்ட காற்று சுகமாக இருந்தது. அங்கேயே கண்ணாடியைப் பொருத்தி, விளிம்பு முழுவதும் பசையால் அடைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி உள்ளிருந்து வெளுத்தது. விமானியைக் காணோம். அந்தக் காற்று இலைக்குள் புகுந்து, இலையின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு மேலே வருகிற காற்று. அதற்காகத்தான் விசிறியே. என் தொழிலே அது. சூடாக இருந்ததைக் காய்ந்தது என்று நினைத்துவிட்டேன். அறுத்துத் திறந்தால் கண்ணாடியில் கீறல் விழும் என்று விட்டுவிட்டேன்.

ஆவணி பிறந்ததும் மனைவி கிளம்பினாள். என் கம்பளிச் சட்டையில் விமானத்தைச் சுற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அதை எங்க கொண்டு போற?"

"முடிச்சுட்டுத்தானே வருவீங்க? அங்க வந்து முடிங்க."

சக்கரங்களும் ஏவுகணைகளும் சில்லறைத் துண்டுகளும் மட்டும் என்னிடம் மிஞ்சின.

மறுநாள் போன் வந்தது. "ஏனுங்க, உங்காளு தெரியறாரு."

"எந்த ஆளு?"

"உள்ள உக்காந்திருக்கறவருதான். பாதி மலை எறங்கற வரைக்கும் வெள்ளையாத்தான் இருந்துச்சு. மேட்டுப்பாளையத்துல எடுத்துப் பாத்தேன், பளிச்சுனு ஆயிருச்சு. பாவம், என்னத்துக்கு அந்த மனுசனை அவ்வளவு இறுக்கிக் கட்டிருக்கீங்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போய் சக்கரங்களை ஒட்டிவிட்டு, மாலை பஸ்ஸில் மலையேறினேன். அடுத்த முறை விமானத்தின் வயிற்றில் தொங்கும் எண்ணெய்த் தொட்டி. அதற்கடுத்து ஏவுகணைகள்.

"வியாழக்கிழமைக்குத்தான் வேலை. திங்ககெழமையே அங்க போய் என்ன பண்ணுவீங்க?"

"சாவி எங்கிட்ட இருக்குதே."

"நல்ல சாவிங்க. ஒவ்வொண்ணா தூக்கிட்டு வாரீங்களே, இன்னும் என்னதான் மிச்சம்?"

மூக்குக் குழாய் மட்டும் மிச்சம். நிஜ விமானத்தில் மூக்குக்கு முன்னால் ஈட்டி போல நீண்டிருக்கும். எதிர்க்காற்றை வாங்கி, எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று விமானிக்குக் காட்டுவது அதுதான். ஊசி மருந்து போடும் ஊசியை அறுத்து நான் அதைச் செய்து முடித்து மாதமாகியிருந்தது. கீழே போகும்போதெல்லாம் அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

ஐப்பசி மழை போய், உறைபனிக் காலமும் வந்தது. தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் வந்த இலை ஒரு தொட்டிக்குக்கூடப் போதவில்லை. தொட்டிகளின் வெறும் வலைக்குக் கீழே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. முதலாளிக்குப் போன் செய்தேன்.

"கொஞ்சம் பொறுங்க டீமேக்கரே."

அவர் குரலில் கோபமோ ஏமாற்றோ இல்லை. அவளிடம் நான் சொல்கிற அதே தொனி. விசிறியை நிறுத்தினேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

"மூக்கைக் கொண்டு வாரேன். நாளைக்கு."

"நாளைக்கு வெள்ளிக்கிழமையாச்சுங்களே."

"ஆமா."

"அப்போ சாவி?"

"முதலாளி ஊட்டுல குடுத்துட்டு வாரேன்."

தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

"கம்பளியெல்லாம் அங்கயே உட்டுட்டு வாங்க," என்றாள். "இங்க வேகுது."